விரிசல் கண்ட சக்கரம்

செஞ்சிப் பகுதியில் பங்குப்பணி ஏற்ற நாள்முதல் என் கிளைக் கிராமங்களுக்குப் பெரும்பாலும் மிதிவண்டியில்தான் சென்று வருகிறேன். எளிமையைப் பறைசாற்றுவதற்காக அன்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, நடக்க வேண்டும் அல்லது மிதிக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடந்தால் மாலைத் திருப்பலிக்கு நேரத்தில் திரும்ப இயலாது. ஆகவே மிதிப்பதைத் தேர்ந்துகொண்டேன்.

என் குருத்துவ வெள்ளி விழாவின்போது தம்பி வாங்கித் தந்த வண்டி அது. மலைப் பாதைகளுக்கென்றே செய்யப்பட்டது என்று சொல்லித் தந்தான். தடித்த டயர், கியர்கள், கருமையாக மின்னும் அலுமினிய ரிம். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் நாங்கள் ஓட்டிய கருப்பு மிதிவண்டியோடு ஒப்பிட்டால் இதைத் தூக்குவதே விளையாட்டாக இருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் நிழலில், வெயிலும் மழையும் காலங்காலமாகப் பிளந்துவைத்த பாறைகளுக்கிடையே ஓடும் எங்கள் ஊர்ப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா என்று மகிழ்ந்தேன்.

பத்தே மாதத்தில் பின் சக்கரத்தின் ரிம் வெடித்தது.

முதலில் ஓர் ஒலி கேட்டது. ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னாலிருந்து 'டிக், டிக்' என்றது. பிறகு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. கோட்டம் எடுத்தால் நான்கு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி ஆடும். ஒரு சனிக்கிழமை மாலை வண்டியைக் கவிழ்த்துப்போட்டுத் துடைத்தபோதுதான் பார்த்தேன். கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் துளைகளில் மூன்றைச் சுற்றி மயிரிழை போன்ற கோடுகள். அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். நகம் அந்தக் கோட்டில் தடுக்கியது.

வண்டி வாங்கிய கடைக்குச் சென்றேன். ஊரையும் கடையையும் குறிப்பிட வேண்டியதில்லை. "உங்கள் எடைக்கு இது தாங்காது" என்றார்கள். என் எடை 85 கிலோ. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மலைக்கென்று விற்ற வண்டி ஒரு பங்குச் சாமியாரைத் தாங்காதா என்ற கோபம் எனக்கு. சொந்தப் பணத்தில் வேறு ரிம் போட்டுக்கொண்டு திரும்பினேன். அது ஆறு மாதத்தில் அதே இடத்தில், அதே விதமாக வெடித்தது.

எங்கள் கடைவீதியில் மிதிவண்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரில் அனைவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். இரண்டாம் முறை அவரிடம் போனேன். அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் காதால் கேட்டார்.

"சாமி, கம்பியை யார் முறுக்கினது?"

"நான்தான் பாய். கோட்டம் வரும்போதெல்லாம் சாவி போட்டுச் சரி செய்துகொள்வேன்."

"இறுக்க மட்டும் செஞ்சீங்களா? எப்பவாவது தளர்த்துனீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருமுறையும் தளர்த்தியதில்லை.

"அதான் சாமி. சக்கரம் இடது பக்கம் போச்சுன்னா, இடது கம்பியைக் கொஞ்சம் விடணும், வலது கம்பியைக் கொஞ்சம் பிடிக்கணும். நீங்க பிடிச்சுக்கிட்டே போயிருக்கீங்க. ரிம்மு எங்க போகும்? கம்பி அறுந்துபோகும், இல்லன்னா ரிம்மு வெடிக்கும்."

அன்று அந்த மரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து நான் கற்றது ஒரு முழுப் பாடம். அதன்பின் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். வீட்டில் இத்தகைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

மிதிவண்டியின் அச்சு கீழ்க் கம்பிகளின்மேல் நிற்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அவ்வளவு மெல்லிய கம்பி, நிறுத்திவைத்து அழுத்தினால் வளைந்துவிடும். உண்மையில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. சுமை ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுப்புச் சற்றே குறைகிறது. சக்கரம் சுழன்றதும் அந்த இழுப்பு மீள்கிறது. இழுவிசையால் நிற்கும் இச்சக்கரத்தை இங்கிலாந்து நாட்டு ஜார்ஜ் கேலி என்பவர் 1808ஆம் ஆண்டிலேயே சிந்தித்தார். பின்னாளில் மிதிவண்டி அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

ஆகவே சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. அது நுழையும் துளையின் விளிம்பும் அவ்வாறே. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 480 முறை சுழலும். வாரத்துக்கு 100 கிலோமீட்டர் என்று கொண்டால், பத்து மாதத்தில் ஏறத்தாழ 20 லட்சம் முறை! எந்த ஒரு சுழற்சியும் ரிம்மை உடைக்கப் போதுமானதன்று. ஆனால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைக் கடுகளவும் இல்லாத தூரம் நகர்த்திச் செல்கிறது. இதை உலோகக் களைப்பு என்கிறார்கள்.

இந்தக் களைப்பை மனிதகுலம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 1842இல் பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் இஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பிற்பாடு பல ஆண்டுகள் இரயில் அச்சுகளைச் சோதித்து, ஒரே தடவையில் உடைக்க இயலாத சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும் என்று காட்டினார். 1954இல் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானில் சிதறியபோதும், ஆய்ந்து கண்ட காரணம் அலுமினிய உடலில் தோன்றிய களைப்பு விரிசலே. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான சுமையை அது நெடுங்காலம் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை இல்லை. சிறு சுமையும் போதிய தடவை வந்தால் அதைக் களைக்கச் செய்துவிடும்.

இனி, பின் சக்கரமே ஏன்? அதுவும் வலப்புறத் துளைகளே ஏன்? இதையும் பாய்தான் காட்டினார். வலப்புறம் கியர்ப் பற்சக்கரங்கள் இடம் பிடித்துக்கொள்வதால் அப்பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. ரிம்மை நடுவில் நிறுத்த அவற்றை இடப்புறத்தைவிட மிக அதிகமாக, சில சக்கரங்களில் ஏறத்தாழ இருமடங்கு, இழுக்கவேண்டும். நன்கு கட்டப்பட்ட சக்கரத்தில் வலப்புறக் கம்பி ஒவ்வொன்றும் 100 முதல் 120 கிலோ இழுப்பில் இருக்கும். அதற்குமேல் நான் என் சாவியால் ஏற்றிக்கொண்டே போனேன். பழைய கருப்பு மிதிவண்டியின் பின் சக்கரத்தில் 40 கம்பிகள் சுமையைப் பகிர்ந்தன. என் வண்டியில் 36. பழையது கனத்த எஃகு. அடிபட்டால் நசுங்கும், மழையில் துருப்பிடிக்கும், ஆனால் நசுங்கியதைக் கண்ணால் காணலாம். அலுமினியம் மினுங்கிக்கொண்டே இருக்கும்போது உள்ளே விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். ரிம்மின் சுவர் மெல்லியதாக இருந்தாலும், துளையின் விளிம்பில் எஃகு வளையம் பதிக்காமல் விட்டிருந்தாலும் விரிசல் இன்னும் விரைவாக வரும். ஆகவே செய்தவர்மீதும் ஓரளவு குற்றம் உண்டுதான். ஆனால் எஞ்சியது என்மீது.

இதுவரை சொன்னது சக்கரத்தின் கதை. இனிச் சொல்வது என் கதை.

அந்த இரண்டாம் விரிசலை நான் கண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறன்று அந்த வண்டியை வேறொருவருக்குத் தருவதாக வாக்களித்திருந்தேன். எங்கள் ஆலயத்தைப் பெருக்கித் துப்புரவு செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை. மகன் ஒன்பதாம் வகுப்பு. மகள் நான்காம் வகுப்பு. இருவரும் நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடந்து செஞ்சிக்கு வந்து படிக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லா மேல்நிலை மாணவருக்கும் விரிந்தது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் அது பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வரும். இந்தப் பையன் இன்னும் இரண்டு ஆண்டுகள் நடக்கவேண்டும்.

அடிக்கடி வெடிக்கும் ரிம்மால் எனக்கு வண்டியின்மீது வெறுப்பு வந்துவிட்டது. ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசையும் எழுந்தது. ஆகவே, "ஆலயத் திருவிழா அன்று இந்த வண்டி உனக்கு" என்று பையனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் தோன்றிய ஒளியைக் கண்டு என்னைப்பற்றி நானே நல்லெண்ணம் கொண்டேன். மறைப்பானேன்? அன்றிரவு செபத்தில்கூட அந்த நல்லெண்ணம் என்னோடு வந்து அமர்ந்தது.

செவ்வாயன்று விரிசலைக் கண்டதும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை இங்கே எழுதுவதற்கு வெட்கமாயிருக்கிறது. "அவன் 40 கிலோதானே, இன்னும் ஒரு வருடம் ஓடும். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும்." புதிய ரிம், கம்பி, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு தொகை ஆகும்; திருவிழாச் செலவு வேறு தலைக்குமேல் நின்றது. துளைகளைச் சுற்றி மீண்டும் தூசி படிந்தது. நான் துடைக்கவில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது புனித தோமா அக்குவினாஸின் இறையியல் தொகுப்பில் ஒரு கேள்வியைப் படித்திருக்கிறேன். விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது அக்கேள்வி. மறைந்திருக்கும் குறையால் வாங்குபவனுக்கு ஆபத்தோ இழப்போ வருமானால் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார் அவர். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்பதையும், இடியப்போகும் வீட்டை உறுதியான வீடு என்று விற்பதையும் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் குறை வெளிப்படையாகத் தெரிந்தால், உரிய அளவு விலையையும் குறைத்துக்கொண்டால், வாயால் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டின் குதிரைச் சந்தைக்கு எழுதியது என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். அந்த வார இரவுகளில் அது திரும்பி வந்தது. விற்பவனுக்கே இந்தக் கடமை என்றால், கொடுப்பவனுக்கு? இலவசம் என்பதால் குறை குறைந்துவிடுமா? விழுந்தால் மண்டை உடையாதா? நொண்டியும் குருடுமான விலங்குகளைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களை இறைவாக்கினர் மலாக்கி கடிந்துகொண்ட பகுதியை எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன்! நமக்கு வேண்டாதது ஏழைக்குப் போதும் என்னும் எண்ணம் அன்று எருசலேம் கோயிலில் மட்டும் இருந்ததன்று. வெள்ள நிவாரணத்துக்கென்று நம் ஆலயங்களில் குவியும் கிழிந்த துணி மூட்டைகளைப் பிரித்தவர்களுக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பையனை அழைத்தேன்.

"தம்பி, அந்த வண்டியின் பின் சக்கரத்தில் விரிசல் இருக்கிறது. திருவிழாவுக்குத் தர முடியாது. சரிசெய்த பிறகுதான் தருவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் சாமி" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதும் போய்த் துடைச்சுப் பார்த்தேன் சாமி. மூணு ஓட்டையில கோடு இருந்துச்சு."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

அவன் பதில் சொல்லாமல் நின்றான். பிறகு மெல்ல, "சொன்னா தரமாட்டீங்கன்னு நெனச்சேன் சாமி. தங்கச்சிய பின்னாடி வச்சுக்கிட்டா மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றான்.

அன்பார்ந்த வாசகரே, என் நாற்காலியில் அப்போது நான் உட்கார்ந்திருந்த நிலையை உங்களால் உணர முடியும். நான் காண்பதற்கு இரண்டு நாள் முன்னரே அவன் கண்டிருக்கிறான். புனித தோமாவின் நெறிப்படி பார்த்தால் குறை வெளிப்படையானது, வாங்குபவனுக்குத் தெரிந்தது, நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை! ஆனால் குதிரைச் சந்தைக்கு வருபவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த குதிரையைப் பார்க்கப் போகலாம். இந்தப் பிள்ளைக்கு அடுத்த குதிரை இல்லை. கொடுப்பவர் பங்குச் சாமியார். தாய்க்கு வேலை கொடுத்திருப்பவரும் அவரே. விரிசலைக் கண்டும் பேசாமல் வாங்கிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி எது? மறுக்க முடியாதவனிடம், "தெரிந்துதானே வாங்கினாய்" என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இதை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் நின்றுகொண்டே கற்றுத்தந்தான்.

அன்று மாலையே இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாயிடம் போனோம். இரட்டைச் சுவருடன், துளைகளில் எஃகு வளையம் பதித்த 36 துளை ரிம் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொன்னார். வந்து சேரப் பதினைந்து நாளாயிற்று. திருவிழா கடந்துவிட்டது. ஸ்கூட்டருக்கென எடுத்துவைத்த பணத்தின் ஒரு பகுதி அதற்குச் சென்றது.

சக்கரம் கட்டும் நாளன்று பாய் பையனையும் அருகே உட்காரவைத்தார். நிப்பிள்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லாக் கம்பிகளையும் முதலில் தளர்வாகப் பூட்டினார். பிறகு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் அரைத் திருப்பு மட்டுமே இறுக்கினார். "ஒரே கம்பிக்கு முழு வேலையும் கொடுக்கக் கூடாது தம்பி" என்றார். இடையிடையே இரண்டிரண்டு கம்பிகளாகக் கையால் சேர்த்து அழுத்தினார்; முறுக்கிக்கொண்டு நின்றவை அப்போது 'டங்' என்று தம் இடத்தில் அமர்ந்தன. கடைசியில் ஒரே பக்கத்துக் கம்பிகள் அனைத்தும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றனவா என்று பையனைச் சுண்டிக் கேட்கச் சொன்னார். பழைய ரிம்மை யாரும் எடுத்து ஓட்டிவிடாதபடி அரத்தால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புச் சாமான்களோடு போட்டார். "எம்-சீல் வச்சு அடைச்சு ஓட்டறவங்களும் இருக்காங்க சாமி. அது மருந்து இல்ல, மறைப்பு" என்றார்.

அண்மையில், 2025 ஜூலையில், மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது நம் செஞ்சி ஒன்றே. 1690 தொடங்கி எட்டாண்டுக் காலம் முகலாயரின் முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. அதே கோட்டை 1750இல் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தது. ராஜகிரியின் அடிவாரத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்போது ஓர் எண்ணம் வருகிறது. மதிலின் உயரத்தைப் பார்த்து அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. ரிம்மின் பளபளப்பைப் பார்த்தும் சொல்ல முடியாது. மனிதர்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இருபத்தைந்து ஆண்டுப் பணியில் நான் பெரும்பாலும் இறுக்கியவன். பாடகர் குழு தாமதமாக வந்தால் இறுக்கினேன். மறைக்கல்விக்குப் பிள்ளைகள் வராவிட்டால் பெற்றோரை இறுக்கினேன். பங்குப் பேரவையில் ஓர் இளைஞரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார், பிறகு ஆலயப்பக்கம் வரவில்லை. "இவ்வளவு சிறு சொல்லுக்கா?" என்று அன்று வியந்தேன். அது ஒரு சொல் அன்று. அதற்கு முன் நான் எண்ணாமல் விட்ட சுழற்சிகள் எத்தனையோ இருந்திருக்கும். கடந்த மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். அதற்குமேல் அதைப்பற்றி நான் எழுதுவது முறையன்று.

பையன் இப்போது தங்கையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை பங்கு இல்லத்து முற்றத்தில் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, துளை துளையாகத் துடைத்து, டார்ச் விளக்கடித்துப் பார்க்கிறான். ஐயமுள்ள துளை என்றால் என்னையும் கூப்பிடுகிறான். முதல் மாதம் என் ஸ்போக் சாவியைக் கேட்டான். கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் ஓட்டும் மிதிவண்டி ஒன்று நிற்கலாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அதன் பின் சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்து, கம்பிகள் நுழையும் இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். நகம் தடுக்கினால் அன்றே நிறுத்திவிடுங்கள். அதை வேறு யாருக்கேனும் கொடுக்க எண்ணியிருந்தால், முதலில் சரிசெய்துவிட்டுக் கொடுங்கள்.